செய்கூலி

நகைக் கடையில் தரும் சீட்டை நம்மவருள் பெரும்பாலோர் படிப்பதில்லை. அடியிலுள்ள கூட்டுத்தொகையைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதோடு சரி. சீட்டும் பேரேடும் எழுதியே வயிறு வளர்க்கும் கிராணி நான். ஆதலால் எந்தக் கணக்கையும் வரி வரியாய்ப் படிக்கும் வழக்கம் என்னைப் பற்றிக்கொண்டது. நகைச் சீட்டில் முக்கியமான வரிகள் மூன்று. முதலாவது பொன்னின் எடையும் விலையும். இரண்டாவது சேதாரம். மூன்றாவது செய்கூலி. பொன்னின் விலையைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. அஃது எங்கோ கடல் கடந்த சந்தையில் முடிவாகி வருவது. 2025ஆம் ஆண்டு அக்டோபரில் ஓர் அவுன்சுப் பொன் 4000 அமெரிக்க டாலரைத் தாண்டியபோதும் நாம் வாயடைத்து நின்றோமேயன்றி வாதாடவில்லை. நம் பேரமெல்லாம் மூன்றாவது வரியிலேதான். "செய்கூலியைக் கொஞ்சம் குறையுங்கள்" என்று கேளாத தமிழ்க் குடும்பம் உண்டோ?

அந்த நகையே பிறிதொரு நாள் அடகுக் கடைக்குப் போகிறது. அங்கே எடை உண்டு, மாற்று உண்டு. செய்கூலி என்னும் வரியே இல்லை. பத்தர் ஒருவர் ஊதுகுழலுக்கு முன் நாள் முழுதும் குனிந்திருந்து இழைத்த இழைப்பும், பதித்த பதிப்பும், கண் எரிய வைத்த பொடியும் அந்தத் தராசில் பூச்சியம். பொன் நிலைத்தது, கை மறைந்தது.

தோட்டப்புறத் தமிழராகிய நாம் யார்? கையின் கூலியால் வாழ்ந்தவர்கள். இன்றும் பலர் அவ்வாறே வாழ்கின்றவர்கள். நம் பாட்டன் பாட்டிமார் காட்டை அழித்தார்கள், பால் மரம் நட்டார்கள், நிரை பிடித்துச் சீவினார்கள். பிரட்டுக் களத்தில் பேர் கொடுத்தால் கூலி, கொடாவிடில் இல்லை. அத்தகைய நாமே, பிறர் கைக்கு உரிய கூலியை மட்டும் பேரம் பேசி, உலோகத்துக்குத் தலைவணங்கி நிற்பது விந்தையன்றோ? இந்தக் கட்டுரை, பழம்பொருள்களையும் கண்டெடுத்த பொருள்களையும் கொண்டு கையாலேயே அணிகள் செய்யும் ஒரு சிறு தொழிலைப் பற்றியது. எனினும் அதன் அடியில் கிடப்பது இந்தச் செய்கூலிக் கேள்விதான்.

முதலில் ஓர் ஐயத்தை அகற்றிவிடுதல் நலம். "கண்ட குப்பையைக் கோத்து நகை என்பதா? இது தமிழர் வழக்கமா?" என்று கேட்பவர் உளர். நம் மொழியையே சாட்சிக்கு அழைப்போம். தோடு என்பது யாது? பூவின் இதழுக்கும் ஓலைக்கும் பெயர். குழை என்பது யாது? தளிருக்குப் பெயர். காதோலை என்பதில் ஓலை இன்னும் ஓலையாகவே நிற்கிறது. நம் முன்னோர் பனையோலையைச் சுருட்டிக் காதில் செருகினார்கள். பிற்காலத்தில் அதே வடிவைப் பொன்னில் செய்தபோது பழைய பெயரை விடவில்லை. ஆடிப்பெருக்கில் ஆற்றில் விடும் காதோலையும் கருகமணியும் அந்தப் பழமையின் எச்சம். சங்க நூல்களில் சிறுவர் கழுத்தில் புலிப்பல் தாலி கிடக்கிறது. இன்றும் பொன் வாங்க வழியில்லாத ஏழை, மஞ்சள் கிழங்கொன்றைக் கயிற்றில் கட்டித் தாலியென்று அணிவிக்கிறான். அந்த விவாகத்தை எவரும் குறைவென்று சொல்வதில்லை. ஆகவே, கிடைத்த பொருளை அணியாக்குதல் நமக்குப் புதிதன்று. பொன்தான் பின்னால் வந்து அப்பெயர்களில் குடியேறியது.

பொன்னை நிறுத்த எடைகளும் காட்டில் பொறுக்கியவையே. குன்றிமணி இரண்டு ஒரு மஞ்சாடி. மஞ்சாடி இருபது ஒரு கழஞ்சு. மூன்றும் விதைகளின் பெயர்கள். அந்த மஞ்சாடி மரத்தை மலாய்க்காரர் சாகா என்பர். நம் நாட்டில் பள்ளிக்கூட வாசலிலும் சாலையோரத்திலும் நிற்பது அது. அதன் சிவந்த விதைகள் ஏறத்தாழ ஒரே எடையுள்ளவை. நான்கு சேர்ந்தால் ஒரு கிராம் அளவு வரும். பொன்னுக்கே அளவுகோலாயிருந்த விதை இன்று நம் காலடியில் மிதிபடுகிறது.

கோப்பதற்கு மணி செய்யும் கலையும் நம்மவரிடம் நெடுங்காலம் செழித்திருந்தது. நொய்யற் கரையிலுள்ள கொடுமணலில் கல்மணிப் பட்டறைகள் இருந்தமை அகழ்வாய்வால் வெளிப்பட்டது. புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் 1945ஆம் ஆண்டில் வீலர் துரை தோண்டினார். அங்கே கண்ணாடியை உருக்கிக் குழலாய் இழுத்து, நறுக்கிச் சிறு மணிகள் செய்திருக்கிறார்கள். அவ்வகை மணிகள் கடல் கடந்து இந்நாட்டிலும் கிடைத்துள்ளன. பேராக் கரையில் சதுப்பு மரக்காட்டினிடையே உள்ள கோல சிலின்சிங்கிலும், கெடாவில் சுங்கை மாஸிலும் அவை மண்ணிலிருந்து வெளிவந்தன. நாம் கங்காணியின் பின்னே கப்பலேறி வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே, வங்கக் கடலின் இருகரையையும் சிறு மணிகள் இணைத்துவிட்டன என்றறிய மகிழ்ச்சி உண்டாகிறது.

நிற்க. பழைய நாணயம் அணியாவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். பவுன் என்று நாம் சொல்லும் எடை, ஆங்கிலேயரின் பொன் நாணயத்தின் பெயர். அந்நாணயம் எட்டுக் கிராமுக்குச் சற்றே குறைவு. நம் கடைக்காரர் அதை முழு எட்டாக்கிவிட்டார்கள். அரசனின் தலை பொறித்த அக்காசுகளுக்கு வளையம் ஒட்டிக் கோத்ததே காசுமாலையின் ஒரு வகை. புழக்கத்திலிருந்த பணம் கழுத்துக்கு ஏறியது. இங்கேயோ, மலாய்ப் பெண்களும் பாபா வீட்டுப் பெண்களும் வெள்ளிக் காசைப் பொத்தானாகவும் கெரோங்சாங் என்னும் ஊசியணியாகவும் மாற்றி உடையில் குத்திக்கொண்டார்கள். எல்லா இனத்தாரும் பழங்காசை அணியாக்கியே இருக்கிறார்கள்.

இந்நாட்டுப் பழங்காசுகளில் என் மனத்தைக் கவர்ந்தது பொன்னுமன்று, வெள்ளியுமன்று. வெண்கலத்தாலான ஒரு காசு. 1919ஆம் ஆண்டில் நீரிணைக் குடியேற்ற அரசு அதைச் சதுர வடிவில், முனை மழுங்கலாக வெளியிட்டது. பின்னர் மலாயாவின் பெயரிலும் அதே வடிவில் வந்தது. வேலியோரத்திலும் பழைய லயங்களின் அடித்தளத்திலும் மழைக்குப் பின் அது தலை காட்டும். ஒரு நாள் அப்படியொன்றைக் கையில் வைத்துக்கொண்டு கணக்குப் பார்த்தேன். 1920களின் இறுதியில் மலாயாத் தோட்டங்களில் நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று விதித்தார்கள். பெண்ணின் உழைப்பு நாளை எட்டு மணி நேரமென்று வைத்துக்கொண்டால், 480 நிமிடத்துக்கு 40 காசு. அப்படியெனில் இந்தச் சதுரக் காசு ஒன்று ஒரு பெண்ணின் பன்னிரண்டு நிமிடம். பன்னிரண்டு நிமிடத்தில் அவள் எத்தனை மரம் சீவியிருப்பாள்? எத்தனை மங்கு துடைத்திருப்பாள்? முதுகில் எத்தனை கொசு கடித்திருக்கும்? இத்தனையும் அந்த வெண்கலத் துண்டில் இருக்கின்றன. அதைப் பழைய உலோகமாய் எடைபோட்டு விற்றால் ஒன்றும் தேறாது. ஆனால் அதைக் கழுத்தில் அணியும் பேத்தி, பாட்டியின் பன்னிரண்டு நிமிடத்தை அணிகிறாள்.

இனி, நாங்கள் செய்யும் முறையைச் சொல்கிறேன். கம்போங் குவாந்தான் சிலாங்கூர் ஆற்றங்கரையிலுள்ள சிற்றூர். பெரெம்பாங் மரங்களில் இரவில் ஒருங்கே மின்னி ஒருங்கே அணையும் மின்மினிகளைக் காண உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் மக்கள் வந்து படகேறுகிறார்கள். விற்கவும் அடகு வைக்கவும் ஆகாத ஓர் அழகைக் காண இவ்வளவு பேர் பணம் செலவழித்து வருகிறார்கள் என்பது நம்மவர் சிந்திக்கத் தக்கது. அவ்வூரைச் சூழ்ந்த தோட்டங்களில் ஒன்றிலே ஞாயிறு பிற்பகல்களில், பழைய ஆயாக் கொட்டகைத் திண்ணையில் நாங்கள் ஏழெட்டுப் பேர் கூடுகிறோம். பெண்கள் மிகுதி, பையன்கள் இருவர், என்னைப்போல் அலுவலகத்துக்காரர் ஒருவர்.

பொருள்களுக்குப் பஞ்சமில்லை. ரப்பர் நின்ற காலத்து மங்குகளின் பீங்கான் ஓடுகள், ஆறு வற்றுகையில் கரையில் தெரியும் நீலக்கோடிட்ட பீங்கான் சில்லுகள், பழைய சட்டைகளின் பித்தளைப் பொத்தான்கள், நின்றுபோன கடிகாரத்தின் பற்சக்கரங்கள், பூட்டை இழந்த சாவிகள், அறுந்த கருகமணிச் சரத்தின் மிச்சம், சாகா விதை, ரப்பர் விதை, செம்பனைக் கொட்டையின் ஓடு. இக்கடைசிப் பொருளைப் பற்றி ஒரு வார்த்தை. செம்பனை இந்நாட்டுக்கு முதலில் அழகு மரமாகவே வந்தது. பிரெஞ்சுக்காரராகிய ஹென்றி போக்கோனியே என்பவர், 1917ஆம் ஆண்டில் இதே கோலசிலாங்கூர் மாவட்டத்தில், பெயரிலேயே தமிழ் ஒலிக்கும் தென்னமாரம் தோட்டத்தில் அதை முதன்முதல் வாணிகப் பயிராக நட்டார். அலங்காரத்துக்கு வந்த மரம் பிழைப்புக்கு ஆயிற்று. அதன் கரிய ஓட்டை உப்புத்தாளில் தேய்த்து, தேங்காயெண்ணெய் பூசித் துணியால் துடைத்தால் கருங்கல் போல் மினுங்கும். பிழைப்புக்கு ஆன மரம் மறுபடியும் அலங்காரத்துக்கு வருகிறது.

பீங்கான் ஓட்டை உடைத்தபடியே அணியலாகாது; முனை கிழிக்கும். சாணைக் கல்லில் நீர்விட்டு வட்டமாகவோ இலை வடிவாகவோ தேய்க்க வேண்டும். நீர் விடுவது குளிர்ச்சிக்கு மட்டுமன்று. உலர்ந்த பீங்கான் தூள் நுரையீரலுக்குக் கேடு. துளையிடுவதானால் வைரப்பொடி பதித்த ஊசியை, ஓடு நீரில் மூழ்கியிருக்க, மெல்ல அழுத்திச் சுற்ற வேண்டும். அவசரப்பட்டால் விரிந்துவிடும். துளையிட மனமில்லாதவர் பித்தளைக் கம்பியால் நான்கு பக்கமும் பின்னிக் கூடு கட்டிவிடலாம். வெண்கலக் காசின் களிம்பைப் போக்கப் புளி போதும். நம் பெண்கள் குத்துவிளக்கைத் துலக்கும் முறையேதான். ஆனால் முழுக்கத் துலக்கக்கூடாது. பள்ளங்களில் கருமை நின்றால்தான் எழுத்துத் தெரியும். பிறகு தேன்மெழுகு சிறிது தடவிவிட்டால் வியர்வையில் பச்சை பிடிப்பது குறையும். காதுக்கும் மூக்குக்கும் செல்லும் கொக்கியை மட்டும் பழங்கம்பியில் செய்யலாகாது, புண்ணாகும். அதற்கு வெள்ளிக் கம்பி வாங்கிக்கொள்வதே முறை.

எச்சரிக்கைகளும் உண்டு. குன்றிமணி அழகுதான், ஆனால் அதன் உள்ளே கொடிய நஞ்சு இருக்கிறது. துளைத்த விதையைக் குழந்தை மென்றால் உயிருக்கே ஆபத்து. ஆகவே எங்கள் திண்ணையில் குன்றிமணிக்கு இடமில்லை. சாகா விதையே போதும். இன்று புழங்கும் நாணயத்தைத் துளைப்பதும் சிதைப்பதும் சட்டத்துக்கு விரோதம். செல்லாத பழங்காசையே கையாளுகிறோம். மண்ணிலிருந்து மெய்யான தொல்பொருள் கிடைத்தால் அது நம்முடையதன்று. 2005ஆம் ஆண்டின் தேசியப் பாரம்பரியச் சட்டப்படி அதிகாரிகளுக்கு அறிவித்தல் கடமை. வரலாற்றை உடைத்து அணி செய்தல் அறிவுடையோர் செயலாகாது.

இத்தொழிலைக் கண்டு சிரித்தவர்கள் இருக்கிறார்கள். "ஆங்கிலம் படித்த கிராணிக்கு மணி கோக்கும் வேலையா?" என்றார் ஒருவர். "ஊசிமணி பாசிமணி விற்கக் கிளம்பிவிட்டீர்களா?" என்றார் இன்னொருவர். முதற்கேள்விக்கு விடை எளிது: படிப்பு விரலை முடமாக்கும் என்று எந்தப் பள்ளியிலும் எனக்குச் சொல்லித்தரவில்லை. இரண்டாவது கேள்வி நம் சமூகத்தின் புண்ணைத் தொடுகிறது. தமிழ்நாட்டில் ஊசிமணியும் பாசிமணியும் கோத்து விற்று வாழ்கிறவர்கள் நரிக்குறவ மக்கள். அவர்கள் கோத்த மணியை நம் பெண்கள் விலை பேசி வாங்கினார்கள். கோத்த கையை வாசற்படிக்கு உள்ளே விடவில்லை. பழங்குடிப் பட்டியலில் தம்மைச் சேர்க்க வேண்டுமென்று அவர்கள் பல்லாண்டுகள் கேட்டுக்கேட்டு, 2023ஆம் ஆண்டு ஜனவரியில்தான் அதற்குரிய சட்டம் நடப்புக்கு வந்தது. பொன் வேலை செய்யும் கைக்கு ஒரு மரியாதை, பாசி கோக்கும் கைக்கு ஓர் இகழ்ச்சி, பால் மரம் சீவும் கைக்கு வேறோர் இகழ்ச்சி என்று கைகளுக்குள் வருணம் வகுத்தவர்கள் நாம். தன்மதிப்புப் பேசுகிற ஒருவன் "பாசிமணிக்காரன்" என்னும் சொல்லை வசையாக ஏற்பானாகில், அவன் பேசியதெல்லாம் வெறும் பேச்சு. எங்களை அப்படி அழைத்தவருக்கு நான் நன்றி சொல்லி, ஒரு சரத்தை எடுத்து நீட்டினேன். அவர் வாங்கிக்கொண்டார்; அவர் மகள் அதை அணிகிறாள்.

எங்கள் கூட்டத்துக்கு வருபவருள் வயது எண்பதைத் தாண்டிய பாட்டி ஒருவர் இருக்கிறார். பன்னிரண்டு வயதில் தாயோடு நிரைக்குப் போனவர். அவர் காதுத் துளைகள் நெடுநாளாய் வெறுமையாயிருந்தன, வேப்பங்குச்சியைச் செருகியிருந்தார். ஒரு ஞாயிறு, தம் பழைய நிரையிருந்த இடத்தில் மண் வெட்டியபோது கிடைத்ததென்று உடைந்த மங்கின் ஓடு ஒன்றைப் புடவை முந்தானையில் முடிந்துகொண்டு வந்தார். எங்களுள் ஒரு பெண் அதை இரண்டு வட்டமாகத் தேய்த்து, வெள்ளிக் கொக்கி மாட்டித் தோடு செய்து கொடுத்தாள். அந்த வெள்ளைப் பீங்கானில், பால் உறைந்து நின்ற கோடு மெல்லிய பழுப்பாய் இன்னும் தெரிந்தது. அதைத் தேய்த்து நீக்கவா என்று கேட்டதற்கு, வேண்டாமென்று பாட்டி தலையசைத்தார். கண்ணாடியில் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, இதை அடகுக் கடையிலே வைத்தால் எவ்வளவு தருவான்?"

"ஒரு காசும் தரமாட்டான், பாட்டி."

"நல்லது. என் பொன் தோடு நாலு தடவை அந்தக் கடைக்குப் போயிற்று. மூன்று தடவை மீட்டேன். நாலாம் தடவை உங்கள் தாத்தா ஆஸ்பத்திரியிலே கிடந்தார், மீட்க முடியவில்லை. இது எங்கேயும் போகாது."

இதைக் கேட்டு எல்லாரும் சிரித்தார்கள். எனக்கோ அன்றிரவு உறக்கம் வரவில்லை. பாட்டியின் சொல்லில் இரண்டு உண்மைகள் இருந்தன. ஒன்று எங்கள் தொழிலுக்குச் சாதகமானது. மற்றொன்று அன்று.

சாதகமானதை முதலில் சொல்கிறேன். விலையில்லாத அணி உடையவளை விட்டு நீங்காது. கள்வன் தொடான், கடன்காரன் கேளான், மாமியார் எடை பார்க்கமாட்டார். அதில் உள்ளது முழுவதும் செய்கூலி. உலோகம் இல்லை, சேதாரம் இல்லை. அதை மதிப்பவன் கையை மதிக்கிறான். வேறு எதையும் மதிக்க அதில் வழியே இல்லை. மேனாட்டார் சிலரும் இதனை உணர்ந்தனர். அமெரிக்கச் சிற்பி அலெக்சாண்டர் கால்டர் பித்தளைக் கம்பியையும் உடைந்த பீங்கானையும் கடலில் தேய்ந்த கண்ணாடியையும் வளைத்துப் பின்னி ஏராளமான அணிகள் செய்தார். பொருட்காட்சிச் சாலைகள் அவற்றைப் போற்றி வைத்திருக்கின்றன. இன்னும் முன்னே, 1813ஆம் ஆண்டில், நெப்போலியனை எதிர்த்த போருக்காகப் பிரஷ்ய நாட்டுப் பெண்கள் தம் பொன் நகைகளைக் கொடுத்து அதற்கு ஈடாக இரும்பு அணிகளைப் பெற்றார்கள். அதன்பின் அந்நாட்டில் இரும்பு அணிந்தவளே தலைநிமிர்ந்து நடந்தாள். பொன் அணிந்தவள் நாணினாள். மதிப்பென்பது உலோகத்தில் பிறப்பதன்று, மனிதர் கொடுப்பது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

நம் மலாயாவிலும் அத்தகைய நாள் ஒன்று வந்தது. 1943ஆம் ஆண்டில் சுபாஷ் போஸ் நிதி கேட்டபோது தோட்டப் பெண்களும் பட்டணத்துப் பெண்களும் காதிலும் கழுத்திலும் இருந்ததைக் கழற்றிக் கொடுத்தார்கள். பதின்பருவப் பெண்ணாயிருந்த ஜானகி தம் காதணிகளைக் கழற்றிக் கொடுத்து, பின்னர் ஜான்சிராணிப் படையில் சேர்ந்தார். ஜானகி ஆதி நாகப்பன் என்று பிற்காலத்தில் நாடறிந்த அவருக்கு 2000ஆம் ஆண்டில் இந்திய அரசு பத்மஸ்ரீ அளித்தது. அன்று பெண்கள் கொடுத்த நகைகளின் மதிப்பை எந்தத் தராசு நிறுத்தது?

இனிப் பாதகமான உண்மை. பாட்டியின் பொன் தோடு நான்கு முறை அடகுக் கடைக்குப் போனதே, அது தோட்டின் இழிவா? இல்லை. நான்கு முறை அது ஒரு குடும்பத்தைக் காத்தது. எங்கள் பீங்கான் தோடு அதைச் செய்யாது. 1945ஆம் ஆண்டில் ஜப்பானியர் தோற்றதும், வாழைமரப் படம் போட்ட அவர்களுடைய நோட்டுகள் ஒரே நாளில் வெறுங்காகிதமாயின. பெட்டி நிறைய நோட்டு வைத்திருந்தவன் ஏழையானான். குண்டுமணி அளவு பொன்னை முந்தானையில் முடிந்திருந்தவள் அரிசி வாங்கினாள். நிலத்தில் பங்கில்லை, வங்கியில் கணக்கில்லை, கூலியிலும் ஆணைவிடப் பத்துக் காசு குறைவு. அப்படிப்பட்ட பெண்ணுக்கு உடம்பில் கிடந்த பொன் ஒன்றுதான் சொத்து. அதை அறியாமல் "நகை மூடத்தனம், கழற்றியெறி" என்று மேடையேறி முழங்குவது சீர்திருத்தமாகாது. 1929ஆம் ஆண்டில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெண்ணுக்கு ஆணுக்கு நிகரான சொத்துரிமை வேண்டுமென்று தீர்மானித்தது. பெண்ணின் நகையைக் குறைசொல்லுமுன் அவள் கைக்கு நிலத்தையும் பணத்தையும் கொடுக்க வேண்டுமென்ற ஒழுங்கை அத்தீர்மானத்திலிருந்து நாம் கற்கலாம்.

ஆகையால் பொன்னை வெறுக்கும்படி நான் யாரையும் கேட்கவில்லை. பொன்னுக்கு நாம் சுமத்தியிருக்கும் இரண்டு வேலைகளைப் பிரிக்கவேண்டும் என்றுதான் கேட்கிறேன். ஒன்று சேமிப்பு, மற்றொன்று அழகு. இரண்டையும் ஒரே சங்கிலியில் கோத்ததால் விளைந்த கேட்டைப் பாருங்கள். அழகுக்காக வாங்கியதை முடையில் இழக்கிறோம்; சேமிப்பாக வாங்கியதற்குச் செய்கூலியும் சேதாரமும் கொடுத்து வாங்கிய அன்றே நட்டமடைகிறோம். அவசரத்துக்கு அடகு வைத்தாலோ, 1972ஆம் ஆண்டின் அடகு பிடிப்போர் சட்டம் இடங்கொடுத்த வட்டி மாதத்துக்கு நூற்றுக்கு இரண்டு; ஆண்டுக்கு நூற்றுக்கு இருபத்து நான்கு! ஆறு மாதத் தவணை தவறினால் பொருளும் போயிற்று. கலியாண வீட்டிலோ, பெண் எத்தனை பவுன் அணிந்தாள் என்று எண்ணுகிற கண்களுக்காகக் கடன் வாங்கி, அந்தக் கடனுக்கு அந்த நகையையே அடகு வைக்கும் வேடிக்கையை நான் ஒவ்வோராண்டும் பார்க்கிறேன்.

சேமிப்புக்கு வேறு வழியில்லாத காலம் இருந்தது, இன்று அவ்வாறில்லை. ஊழியர் சேமநிதி 1951ஆம் ஆண்டில் ஏற்பட்டது. தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்று நம் மக்களைத் தெருவில் நிறுத்திய காலத்தில், 1960ஆம் ஆண்டில், துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளரிடம் பத்துப் பத்து வெள்ளியாய்ச் சேர்த்த பணம் தோட்டங்களையே வாங்கியது. சீவும் கை தான் சீவிய மரத்துக்குப் பங்குதாரராயிற்று. சேமிப்பு கூட்டாகச் சேர்ந்தால் என்ன செய்யுமென்பதற்கு அது நம் கண்முன் நடந்த பாடம். அந்த வேலையைச் சேமநிதியும் கூட்டுறவும் வங்கிக் கணக்கும் பார்க்கட்டும். பொன் வாங்குவதானாலும், இயன்ற அளவு வாங்கிப் பெண்ணின் பெயரிலேயே வையுங்கள். அழகின் வேலையைக் கைக்கு விட்டுவிடுங்கள்.

இது நடக்கக்கூடியதா? எங்கள் தோட்டத்தில் சென்ற ஆண்டு ஒரு விவாகம் நடந்தது. பெண்ணின் தாய் பத்துப் பவுனுக்குக் கடன் வாங்கவிருந்தார். மகளோ இரண்டு பவுன் போதுமென்றாள். அதுதான் வீட்டில் சேர்த்திருந்த பணத்துக்கு ஈடு. கழுத்துக்குச் சாகா விதையும் கருகமணியும் மாறி மாறிக் கோத்து, நடுவில் தன் கொள்ளுப்பாட்டியின் பெட்டியில் கிடந்த சதுரக் காசைத் தொங்கவிட்டு ஒரு மாலை செய்தாள். அதற்கு மூன்று ஞாயிறுகள் ஆயின. பந்தலில் முணுமுணுப்பு எழாமலில்லை. ஓர் அம்மையார் அருகில் வந்து காசைத் திருப்பிப் பார்த்து, "இது என்ன விலை?" என்றார். "பன்னிரண்டு நிமிடம், அத்தை" என்றாள் மணமகள். அவருக்கு விளங்கவில்லை; கணக்கைச் சொன்னதும் அவர் முகம் மாறியது. தம் தாயும் இதே ஆற்றங்கரைத் தோட்டத்தில் பால் எடுத்தவர் என்று சொல்லி அங்கேயே உட்கார்ந்துவிட்டார். கடன் இல்லாமல் தொடங்கிய அந்தக் குடும்பம் இன்று நன்றாயிருக்கிறது.

நம் தோட்டங்கள் மாறிவிட்டன. பால் மரம் போய்ச் செம்பனை வந்தது. லயங்கள் பல இடிந்தன. நம்மவர் பட்டணத்துக்குக் குடிபெயர்ந்தார்கள். இன்று பல தோட்டங்களில் அயல்நாட்டார் வேலை செய்கிறார்கள். இடிந்த லயத்தின் மண்ணை இயந்திரம் வாரிக்கொண்டு போகும்போது, நம் பாட்டிமாரின் பொத்தானும் சாவியும் மங்கு ஓடும் அதோடு போகின்றன. யாரும் அவற்றைத் தேடமாட்டார்கள். அவற்றுக்கு எடை இல்லை. ஆனால் அவை ஒவ்வொன்றும் யாரோ ஒருத்தியின் உழைப்பு நாளைத் தொட்டவை. அவற்றை எடுத்துத் துடைத்து, துளையிட்டு, கோத்து அணிவது, பேரேட்டில் எழுதாமல் விட்ட கூலியைக் காலங்கடந்தேனும் வரவு வைப்பதாகும்.

பட்டணத்துச் சகோதரிகளுக்கும் சகோதரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை தோட்டத்துக்கு வரும்போது பழைய பெட்டியைத் திறவுங்கள், பாட்டியிடம் ஒவ்வொன்றும் யாருடையதென்று கேளுங்கள், சொன்னதை எழுதிக்கொள்ளுங்கள். பிறகு ஒரு நூலும் ஒரு துளையூசியும் கொண்டு உட்காருங்கள். நகைக் கடைக்குப் போக நேர்ந்தால் போங்கள். ஆனால் சீட்டின் மூன்றாவது வரியில் பேரம் பேசாதீர்கள். அது நம்மைப்போன்ற ஒருவரின் கூலி.